கீபோர்டில் கட்டிய கக்கூஸ் சாவி

ஜாகிர்,

உன் ஸ்டூலை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதன் மேல் ஒரு பிரிண்டரை வைத்திருக்கிறேன். யாராவது உட்கார வந்தால், "பிரிண்டர் இருக்குங்க" என்று சொல்லிவிடுகிறேன். அந்த பிரிண்டர் வேலை செய்யாது. அது உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

நம் வேலையைப் பற்றி எழுத வேண்டும், புதிதாக வரும் பசங்களுக்கு உதவும் என்று நீதான் சொல்லிக்கொண்டே இருந்தாய். நீ எழுதுவது, நான் டீ வாங்கி வருவது என்று பேச்சு. இப்போது இரண்டும் என் தலையில். ஒன்பதாவதோடு நின்றவன் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். தப்பு இருந்தால் அங்கிருந்தே சிரித்துக்கொள்.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

சாவி

மந்தாரக்குப்பத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு காம்ப்ளக்ஸ். கீழே வரிசையாகக் கடைகள். ஒன்று எங்களுடையது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்போம், கேமரா மாட்டுவோம், வேலைக்கு வருபவர்கள் கட்டைவிரல் வைக்கிற ரேகை மெஷின் மாட்டுவோம். ஜாகிர் டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். நான் கம்மாபுரம் பக்கம். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஹெல்ப்பராக இருந்தேன். ஒரு நாள் போனில் டிஸ்ப்ளே மாற்றப் போய், அவன் பிடிக்கச் சொன்ன வயரைப் பிடித்தேன். அதற்குப் பிறகு விடவே இல்லை. வேலை அப்படித்தான் கிடைத்தது. அவனுக்கும் எனக்கும் ஒரே வயசு.

எல்லாக் கடைக்கும் சேர்த்துப் பின்னால் ஒரே கக்கூஸ். ஒரே சாவி. போகிறவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். பிறகு பூட்டை உடைப்பார்கள். இதற்கு ஒரு முடிவு கட்ட ஜாகிர் ஒரு செத்துப்போன கீபோர்டை எடுத்து, அதன் வயரில் சாவியைக் கட்டிவிட்டான். கீபோர்டைப் பாக்கெட்டில் போட முடியாது. அதன் பிறகு சாவி தொலையவே இல்லை. ஆனால் ஆள் மாற்றி ஆள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அவசரமாகப் பின்பக்கம் ஓடுவதைப் பார்த்த வெளியூர்க்காரர்கள், இங்கே ஏதோ பெரிய கம்ப்யூட்டர் சென்டர் நடக்கிறது என்று நினைத்தார்கள். ஒரு பெரியவர் தன் பெண்ணைச் சேர்க்க வேண்டும் என்று ஃபீஸ் கேட்டுவிட்டுப் போனார்.

பக்கத்துக் கடை டெய்லர் மணி அண்ணன். அவருக்குக் காத்திருக்க வராது. உள்ளே ஆள் இருந்தால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு தட்டிக்கொண்டே இருப்பார்.

"ஆச்சா?"

"இப்பத்தாண்ணே வந்தேன்."

"ஆச்சா?"

"மணிண்ணே, நீ தட்டினா எனக்கு வராதுண்ணே."

"வராதுன்னா வெளிய வா. எனக்கு வருது."

டீக்கடைக்காரர் வேறு மாதிரி. "என் டர்ன் வந்தா கூப்புடுங்கப்பா" என்று கடைக்குத் திரும்பிவிடுவார். கூப்பிடப் போனால் பால் பொங்கிக்கொண்டிருக்கும். அவர் அடுப்பைக் குறைத்து, கையைத் துடைத்து, கீபோர்டை வாங்கி வருவதற்குள் கக்கூஸ் சும்மா காலியாகக் கிடக்கும்.

ஒரு நாள் ஜாகிர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேலு, பாத்தியா. உள்ள போயிட்டு வர்ற நேரத்த விட கீபோர்டு கை மாறுற நேரம்தான் ஜாஸ்தி."

"அதுக்கு என்ன பண்றது?"

"கம்ப்யூட்டர் மெமரியும் இதேதான்டா. ஒரு ப்ரோக்ராமுக்கு மெமரி வேணும்னா ஆபரேட்டிங் சிஸ்டத்துகிட்ட கேக்கணும். அது ஒரு பூட்டப் போட்டு, ஒருத்தன் வாங்கி முடிச்ச பொறவுதான் அடுத்தவன உடும். பூட்டு இல்லன்னா ஒரே எடத்த ரெண்டு பேருக்குக் குடுத்துடும். ஒரே எடத்துல ரெண்டு பேர் ஒக்காந்தா என்ன ஆவும்?"

"கக்கூஸ்லயா?"

"எங்கயா இருந்தாலும் நாறும்டா."

லாக் கன்டென்ஷன் என்ற வார்த்தையை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். ஒரு பூட்டுக்குப் பல பேர் மோதுவது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு மணி அண்ணன் முகம்தான் வரும்.

தட்டு

எங்கள் மேஜையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்தது. என் கட்டரும் அதில், அவன் ட்வீசரும் அதில். அவன் ட்வீசரை நான் தொடமாட்டேன், என் கட்டரை அவன் தொடமாட்டான். ஆனால் எனக்குக் கட்டர் வேண்டும் என்றால் தட்டையே என் பக்கம் இழுப்பேன். அந்த நேரம் பார்த்து அவனுக்கு ட்வீசர் வேண்டும். தட்டு அவன் பக்கம் போகும். நாள் முழுக்கத் தட்டு மேஜை மேல் கோடு கோடாக இழுபட்டது.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பொருளுக்குச் சண்ட இல்ல. ஆனா சண்ட நடக்குது" என்றான் ஜாகிர்.

"தட்ட நடுவுல வையேன்."

"நடுவுல வச்சா ரெண்டு பேருக்கும் எட்டாது."

பிராசசருக்குள் கேஷ் என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. தூரத்து மெமரிக்கு ஒவ்வொரு முறையும் ஓடாமல், வேண்டியதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு பொருளை மட்டும் எடுக்காது, தட்டோடுதான் எடுக்கும். அடுத்த கோருக்கு வேண்டியது அதே தட்டில் இருந்தால், இவன் எழுத அவன் பிடுங்க, அவன் எழுத இவன் பிடுங்க என்று இழுபறி. கோர் என்றால் உள்ளே வேலை செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாகிர் இதைச் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் கடையில் இன்னொரு தட்டு வாங்கி வந்தான். சண்டை நின்றது. கொஞ்ச நாள் எங்களுக்குள் பேச விஷயமே இல்லாமல் போய்விட்டது.

பன்னிரண்டு மெஷின்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு லேபர் கான்ட்ராக்ட் கம்பெனி. பேர் வேண்டாம். டவுன்ஷிப்பில் ரோடு கூட்டுவது, கேன்டீன் பாத்திரம் கழுவுவது, சாக்கடை எடுப்பது எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்புவார்கள். எல்லாரும் காலையில் அவர்கள் ஷெட்டில் வந்து ரேகை வைக்க வேண்டும். ஷிப்ட் சங்கு ஊதியதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ரேகை விழாதவர் ஆப்சென்ட். மாசத்தில் ஆப்சென்ட் அதிகமானால் பேரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

என் அம்மா அங்கேதான் ரோடு கூட்டுகிறார். அந்த மாசம் காய்ச்சலில் படுத்ததால் அவருக்கு ஏற்கெனவே ஆப்சென்ட் சேர்ந்திருந்தது.

ஷெட்டில் நான்கு மெஷினும், அவற்றில் விழும் ரேகையைச் சரிபார்க்கிற ஒரு பழைய சர்வரும் இருந்தன. வரிசை நீளமாக இருக்கிறது, வேகமாக்கிக் கொடுங்கள் என்று மேனேஜர் தனசேகர் சார் கேட்டார். ஜாகிர் பன்னிரண்டு மெஷின், பன்னிரண்டு கோர் உள்ள புது சர்வர் என்று பேசி முடித்தான். மெஷினுக்கு ஒரு கோர், மூன்று மடங்கு வேகம் என்று சொன்னான். எனக்கும் அந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது. உங்களுக்கும் சரியாகத்தான் படும்.

மேனேஜர் ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்தார். பொட்டைச் சரியாக ரேகை வைக்கிற கண்ணாடி மேலேயே வைத்துவிட்டார். அதைத் துடைப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு நடந்தது. ஜாகிர்தான் துடைத்தான். "நான் தொடைச்சா சாமி கோவிச்சுக்காது, என்னைய அதுக்குத் தெரியாது" என்றான். மேனேஜர் முதல் விரல் வைத்தார். மெஷின் "தேங்க் யூ" என்றது. எல்லாரும் கை தட்டினோம்.

மறுநாள் காலை பன்னிரண்டு வரிசை. பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் விரலை வைத்தார்கள். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நெடுநேரம் கழித்து எங்கோ ஒரு மெஷின் "தேங்க் யூ" என்றது. கூட்டம் திரும்பி யாருக்கு விழுந்தது என்று லாட்டரி மாதிரி பார்த்தது.

"ஏம்பா மெஷினுக்காரரே," என்றார் முன்னால் நின்ற ஒரு அக்கா, "எம் மூஞ்சப் பாத்து வந்துட்டான்னு போட்டுக்கயேன். நேத்துப் பாத்த அதே மூஞ்சிதான், மாத்திகினு வரல."

"விரல எடுக்காதீங்கக்கா."

"எடுக்கலப்பா. இங்கயே வச்சுட்டு நான் மட்டும் வேலைக்குப் போவட்டுமா?"

ஜாகிர் சர்வர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் கோர் எவ்வளவு பாடுபடுகிறது என்று காட்ட, பன்னிரண்டு கோருக்கும் பன்னிரண்டு கோடு. எல்லாம் உச்சியில். அதைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டான். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. கேட்டைச் சாத்தினார்கள். பாதிப் பேர் வெளியே. அம்மாவும் வெளியே. அவர் திட்டவில்லை. துடைப்பத்தை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மேனேஜர் எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"மூணு மடங்கு வேகம்னு சொன்னது யாருய்யா?"

"நான்தாங்க" என்றான் ஜாகிர்.

"இப்ப என்ன ஆச்சு?"

"மூணு மடங்குன்றது சரியாத்தாங்க வந்துருக்கு. தெசதான் மாறிப்போச்சு."

மேனேஜர் சிரிக்கவில்லை. "நாளைக்கிச் சங்குக்குள்ள எல்லாருக்கும் ரேக வுழுவணும். இல்லன்னா அத்தனையும் கழட்டிகினு போயிடுங்க. ஆப்சென்ட் ஆன ஜனத்துக்கு நீங்களே பதில் சொல்லுங்க. நான் யாருக்கும் கையால போட்டுத் தர மாட்டேன், மேல ஒத்துக்க மாட்டாங்க."

பழைய சர்வரைத் திரும்ப வைக்கலாம் என்றால், அதன் உறுப்புகளை ஜாகிர் ஏற்கெனவே வேறு மூன்று கம்ப்யூட்டருக்குத் தானம் செய்துவிட்டான்.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அம்மா சோறு போட்டார். குழம்பு கேட்டேன்.

"வெரல வையி" என்றார்.

"எங்க?"

"தட்டுல. வுழுந்தா ஊத்தறேன்."

பிறகு ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, "நாளைக்கும் இப்பிடி ஆச்சுன்னா எம் பேரு போயிடும்டா. வேற யாராவது மெஷின் மாட்டி என் பேரு போயிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்" என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

உள்ளே நிற்கும் மணி அண்ணன்கள்

கடைக்கு வந்தபோது ஜாகிர் போனில் அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வேலையே நடக்கல. அப்பறம் ஏன் எல்லாக் கோடும் உச்சில நிக்குது?" என்று கேட்டேன்.

பின்பக்கம் சத்தம் கேட்டது. ஆச்சா, ஆச்சா. மணி அண்ணன் ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றுகொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வேர்வை.

ஜாகிர் மெதுவாக எழுந்தான். "மணிண்ணன் காலையிலேர்ந்து ஒரு ஜாக்கெட் தச்சாரா?"

"இல்ல. தைக்கக் குடுத்தவங்க எல்லாரும் வந்து கத்திட்டுப் போறாங்க."

"ஆனா எப்பிடி வேர்த்துகினு நிக்கிறாரு பாரு. வேலு, சர்வருக்குள்ள பன்னெண்டு மணிண்ணன் நின்னுகினு கதவத் தட்டிகினு இருக்கானுங்கடா."

அவன் சொன்னது இதுதான். ஒரு விரல் வைத்தால், ப்ரோக்ராம் அதை லிஸ்டில் இருக்கும் அத்தனை பேர் ரேகையோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஒரு துண்டு மெமரி கேட்டு வாங்கி, முடிந்ததும் உடனே திருப்பிக் கொடுத்துவிடும். வாங்கவும் பூட்டு, கொடுக்கவும் அதே பூட்டு. பழைய சர்வரில் நான்கு மெஷின், இரண்டே கோர். மோதல் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது பன்னிரண்டு பேர் ஒரே கீபோர்டுக்கு நிற்கிறார்கள். ஆளைக் கூட்டினோம். சாவியைக் கூட்டவில்லை.

ப்ரோக்ராம் எழுதியவர் சென்னையில் ரேவதி மேடம். போன் போட்டான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியா இருக்கும்னு தோணுதுங்க. நான் என் லேப்டாப்ல டெஸ்ட் பண்ணப்ப ரேகை வச்சது ஒரே ஒரு ஆளு, நான் மட்டும்தான். கூட்டம் எங்கிட்ட இல்ல. மாத்தி எழுதித் தர்றேன், ஆனா நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும்."

நாளைக்குச் சாயங்காலம் அம்மாவின் பேர் இருக்காது.

"காலைக்கு என்னடா பண்றது?" என்றேன்.

"கூட்டத்தக் கொறைக்கறதுதான்" என்றான்.

மறுநாள் காலை எல்லாரும் வரிசையில் நிற்கும்போது ஜாகிர் மெஷின் மெஷினாகப் போய் பிளக்கைப் பிடுங்க ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டத்தில் சத்தம் எழுந்தது. நான் அவன் பின்னால் போனேன், அடி விழுந்தால் முதலில் எனக்கு விழட்டும் என்று. உண்மையைச் சொன்னால், அடி விழும் பக்கம் எது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் பின்னால் போனேன்.

"யோவ், இருக்கறதையும் புடுங்கறான்யா இவன்."

"நேத்து மாட்டுனான், இன்னிக்கிக் கழட்டறான். இவனுக்கு யாரு ரேக வைக்கறது?"

அம்மா வரிசையிலிருந்தே கூப்பிட்டார். "தம்பி ஜாகிரு, ஏம்பா புடுங்கற?"

"கூட்டம் கொறைஞ்சாத்தாம்மா சாவி சீக்கிரம் கை மாறும்."

"எந்தச் சாவி?"

"கக்கூஸ் சாவிம்மா."

மேனேஜர் அப்போதுதான் உள்ளே வந்தார். "எவன்டா இங்க கக்கூஸப் பத்திப் பேசறது?"

"சர்வரப் பத்திதாங்க பேசறேன்" என்று சொல்லிவிட்டு எட்டாவது பிளக்கையும் பிடுங்கினான்.

நான்கு மெஷின் மிச்சம். பன்னிரண்டு வரிசையும் முட்டி மோதி நான்கானது. முன்னால் நின்ற அதே அக்கா விரல் வைத்தார்.

"தேங்க் யூ."

அடுத்தவர். "தேங்க் யூ." பக்கத்து மெஷினில் "தேங்க் யூ." வரிசை நகர்ந்தது. கூட்டம் மெல்ல அடங்கியது. மெஷினோடு சேர்ந்து ஜனமும் தேங்க் யூ சொல்ல ஆரம்பித்தது. மேனேஜர் பிடுங்கிக் கிடந்த பிளக்கையும் ஓடுகிற மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எல்லாத்தையும் புடுங்கிட்டா இன்னும் வேகமாப் போவுமா?" என்று கேட்டார். கிண்டலுக்குக் கேட்டாரா நிஜமாகவே கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அம்மாவின் முறை கடைசியில்தான் வந்தது. விரலை வைத்தார். "ப்ளீஸ் ட்ரை அகெயின்" என்றது மெஷின். சேலையில் துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் அதே. துடைப்பத்திலும் ப்ளீச்சிங் பவுடரிலும் கட்டைவிரல் ரேகை தேய்ந்து கிடந்தது. இதற்குப் பூட்டும் காரணமில்லை, கேஷும் காரணமில்லை. கேட்டருகே வாட்ச்மேன் கொக்கியில் கை வைத்துவிட்டார்.

ஜாகிர் ஓடி வந்து அம்மாவின் இடது கையைப் பிடித்தான். "இந்தக் கை மோதர வெரலும்மா. போன மாசம் எல்லாருக்கும் ரேக பதிஞ்சப்பவே உங்களுக்கு இத ரெண்டாவதா பதிஞ்சு வச்சிருக்கேன். தொடைப்பம் அதிகமாப் படாத வெரலு."

"தேங்க் யூ."

சங்கு ஊதியது. அம்மா கேட்டுக்கு உள்ளே இருந்தார். எங்கள் பக்கம் திரும்பாமலே நடந்துகொண்டே சொன்னார். "ரெண்டு பேரும் சாயங்காலம் வாங்க. கொழம்பு இருக்கு."

கொசு

ரேவதி மேடம் சொன்னபடி மாற்றி எழுதிக் கொடுத்தார். இப்போது ஒவ்வொரு மெஷினுக்கும் காலையிலேயே ஒரு துண்டு மெமரி சொந்தமாக. அதையே துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தும். திருப்பிக் கொடுத்துத் திரும்பக் கேட்கும் வேலை இல்லை. பன்னிரண்டு மெஷினையும் மாட்டினோம். வரிசை நிற்க நேரமில்லாமல் போனது. பேசிக்கொள்ளக் கூட முடியவில்லை என்று அந்த அக்கா குறை சொன்னார்.

ஜாகிர் அதோடு விடவில்லை. போனில் தட்டுக் கதையைச் சொன்னான். மெஷினுக்கு எத்தனை ரேகை விழுந்தது என்கிற எண்ணிக்கை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் ஒரே தட்டில் இருக்கும், கேஷ் இழுபறி ஆகும், அதையும் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும் என்றான்.

"நீங்க சொல்றது கரெக்ட்தாங்க" என்றார் ரேவதி மேடம். "அப்படித்தான் நடக்கும். ஆனா உங்க கேட்டுல அது கொசு. நாம இப்ப தொரத்துனது யானை. மனுஷன் வெரல எடுக்கற நேரத்துக்குள்ள அந்தத் தட்டு லட்சம் தடவ போய் வந்துடும்."

அன்றிலிருந்து ஜாகிர் பார்க்கிறவரிடமெல்லாம், "மெட்ராஸ் மேடமே கரெக்ட்னு சொன்னாங்க" என்பான். கொசுவைப் பற்றிச் சொல்லமாட்டான். நான் பின்னால் நின்று கொசு மாதிரி ரீங்காரம் போடுவேன்.

மணி அண்ணனும் வந்து கேட்டார். "அப்ப நம்ம கக்கூஸுக்கும் ஆளுக்கு ஒண்ணு வச்சுட வேண்டியதுதான?"

"எடம் இல்லண்ணே. நீ தட்டாம இருந்தீன்னா அதுவே பாதி ஸ்பீடு."

தோள்

ஜாகிரின் உயிர் போனது சேத்தியாத்தோப்பு ரோட்டில். கேமரா மாட்டப் போனவன். பைக்கில் நானும் போயிருக்க வேண்டும், கடையில் ஆள் வேண்டும் என்று விட்டுவிட்டுப் போனான். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அவர்கள் வீட்டுச் சாவுக்கு நான் அதற்கு முன் போனதில்லை. ஷிப்ட் முடிந்து கான்ட்ராக்ட் ஜனம் எல்லாம் வந்துவிட்டது. மேனேஜர் வந்தார். தெருமுனையில் அம்மாவும் கூட்டுகிற பெண்களும் யூனிபார்ம் சட்டையோடு நின்றார்கள். சந்தூக் என்கிற அந்தப் பெட்டியைத் தூக்க நான்கு மூலையில் நான்கு பிடி. தோள் கொடுக்க நிற்பவர்களோ தெரு நிறைய. நான் பயந்தேன். இத்தனை பேர், நான்கே இடம். அன்றைக்குக் காலை ஷெட்டில் ஆன மாதிரி ஆகிவிடும், அவனைப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. முன்னால் தூக்கியவர் கொஞ்ச தூரம் நடந்தார். அடுத்தவர் தோளை அடியில் கொடுத்தார். முதலாமவர் பக்கவாட்டில் விலகினார். பெட்டி நிற்கவே இல்லை. அப்படியே ஆள் மாறி ஆள் மாறிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. என் முறை வந்தது. நான் வைத்துக்கொண்டேன். எனக்கு விட மனசில்லை. பின்னால் மணி அண்ணன் வந்தார். அவர் தட்டவில்லை, ஆச்சா என்று கேட்கவில்லை. தோளை மட்டும் கொடுத்தார். நான் விலகிவிட்டேன்.

விலகி ஓரமாக வந்ததும், ஜாகிர், இங்க பாருடா, பூட்டே இல்லாம கை மாறுது என்று சொல்லத் திரும்பினேன். வாய் திறந்துவிட்டேன். அவன் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தான்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். எங்காவது நெரிசல் ஆனால் உடனே ஆளைக் கூட்டாதீர்கள். எல்லாரும் எதற்காக நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பொதுவான ஒன்றைக் கையில் எடுத்தால் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள், இன்னும் கொஞ்சம் வைத்திருக்கலாம் என்று மனசு சொன்னாலும். தேய்ந்த விரலுக்கு இன்னொரு விரலைப் பதிந்து வையுங்கள். இது மூன்றும் அவன் சொல்லிக் கொடுத்ததில்லை. அவன் பக்கத்தில் நின்று நான் பார்த்தது.

கீபோர்டு இன்னும் ஆணியில் தொங்குகிறது. ஒரு நாள் மணி அண்ணன் அதைக் கழுவி, துடைத்து மாட்டினார்.

ஜாகிருக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள். துஆ கேட்பவர்கள் துஆ கேளுங்கள். விளக்கு ஏற்றுபவர்கள் ஏற்றுங்கள். மெழுகுவர்த்தி என்றாலும் சரி. ஒன்றும் தெரியாதவர்கள் அவன் பேரை ஒரு தடவை மனசுக்குள் சொன்னால் போதும். ஒருவர் முடிக்கட்டும் என்று இன்னொருவர் காத்திருக்க வேண்டாம். அவரவர் நிற்கிற இடத்திலிருந்தே, எல்லாரும் சேர்ந்தே கேளுங்கள். அந்தக் கேட்டை யாரும் சாத்தமாட்டார்கள் என்று அம்மா சொல்கிறார்.